பழைய விமானத்தின் விலை

1982-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 15-ஆம் தேதி, கராச்சியிலிருந்து புறப்பட்ட ஒரு சிறிய ஆகாய விமானம் பம்பாயின் ஜூஹூ விமானத் தளத்தில் வந்து இறங்கியது. அதை ஓட்டி வந்தவர் ஜே. ஆர். டி. டாட்டா. அப்போது அவருக்கு வயது 78. சரியாக ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு, 1932-ஆம் ஆண்டு இதே தேதியில், இதே வழியில், பஸ் மாத் என்னும் சிறு விமானத்தில் அவர் தபால் மூட்டையைக் கொண்டுவந்து சேர்த்தார். அத்தபாலைப் பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு எடுத்துச் சென்றவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட். இந்த வரலாற்றை நம்மில் பலர் படித்திருக்கிறோம்; கேட்டும் இருக்கிறோம். ஆனால் 1982-ஆம் ஆண்டுப் பயணத்தில் அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. அன்று டாட்டா ஏறி வந்த விமானம் பஸ் மாத் அன்று. அதற்குப் பின் பிறந்த தம்பியாகிய லெப்பர்ட் மாத். அவ்வகை விமானம் முதன்முதலாகப் பறந்தது 1933-ஆம் ஆண்டில். மொத்தம் 133 விமானங்களே செய்யப்பட்டன. மரத்தால் ஆன உடல்; துணி போர்த்த இறக்கை. முதியவர் ஒருவரைச் சுமந்து வந்த அந்த யந்திரமும் ஏறக்குறைய அரை நூற்றாண்டைக் கண்ட முதிய யந்திரமே.

நாம் வாங்கும் சைக்கிளும், தையல் யந்திரமும், மோட்டார் வண்டியும் வயது ஏற ஏற விலை இறங்கிக்கொண்டே போகின்றன. ஒரு கட்டத்தில் பழைய இரும்பு வாங்குபவரின் தராசு ஒன்றே அவற்றுக்கு விலை சொல்கிறது. நடுவழியில் நின்றுவிட்டால் இறங்கித் தள்ளலாம் என்ற வசதியுள்ள வண்டிக்கே இக்கதி என்றால், அந்த வசதி இல்லாத ஆகாய விமானத்தை ஐம்பது ஆண்டுகள், அறுபது ஆண்டுகள், சில சமயம் எண்பது ஆண்டுகள் கழித்தும் மனிதர் விலை கொடுத்து வாங்கிப் பறக்கிறார்களே, அது எவ்வாறு? பழைய விமானத்துக்கு விலை எங்கிருந்து வருகிறது? இதைப் பற்றியே இங்குச் சிந்திக்கப் போகிறோம்.

இதற்கு விடை காண நாம் அமெரிக்காவுக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. சிறு விமானங்கள் மிகுதியாகச் செய்யப்பட்டதும், ஒரு தனி மனிதரின் கையிலிருந்து இன்னொரு தனி மனிதரின் கைக்கு மிகுதியாக விற்கப்பட்டதும் அந்த நாட்டில்தான்.

1937-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பென்சில்வேனியா மாநிலத்தின் பிராட்ஃபோர்டு நகரில் இருந்த சிறிய விமானத் தொழிற்சாலை ஒன்று தீக்கு இரையாயிற்று. அதன் உரிமையாளர் வில்லியம் பைப்பர், எண்ணெய்க் கிணற்றுத் தொழிலிலிருந்து இத்துறைக்கு வந்தவர். அவர் மனம் தளரவில்லை. அதே மாநிலத்தில் லாக் ஹேவன் என்னும் ஊரில் மூடிக் கிடந்த பட்டு ஆலை ஒன்றுக்குத் தம் தொழிலை மாற்றினார். அங்கே உருவானதுதான் புகழ்பெற்ற பைப்பர் கப் என்னும் மஞ்சள் நிற விமானம். எஃகுக் குழாய்களைப் பற்றவைத்த உடற்கூடு, அதன்மேல் வார்னிஷ் போன்ற பூச்சுப் பூசிய துணி, முன்னும் பின்னுமாக இருவர் அமர இடம், 65 குதிரைசக்தி எஞ்சின், மணிக்குச் சுமார் 75 மைல் வேகம். இவ்வளவே அதன் லட்சணம். 1938-இல் அதன் விலை சுமார் 1,300 டாலர். 1947 வரை ஏறக்குறைய 20,000 கப் விமானங்கள் செய்யப்பட்டன. போருக்குச் சற்று முன் அமெரிக்க அரசு தொடங்கிய குடிமக்கள் விமானப் பயிற்சித் திட்டத்தில் பறக்கக் கற்றவர்களுள் பெரும்பாலோர் இந்த விமானத்திலேயே கற்றார்கள்.

போர் முடிந்தது. ஊர் திரும்பும் விமானிகள் ஒவ்வொருவரும் ஒரு விமானம் வாங்குவார்கள், வீட்டுக்கு வீடு கார் நிற்பதுபோல் விமானமும் நிற்கும் என்று தொழிலதிபர்கள் கனவு கண்டார்கள். 1946-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் சுமார் 35,000 சிறு விமானங்கள் செய்யப்பட்டன. ஆனால் ஊர் திரும்பியவர்களுக்கு முதலில் வேண்டியிருந்தவை வீடும் வேலையும் குடும்பமும். அரசு கழித்து விற்ற போர்க்கால விமானங்களும் சந்தையில் குவிந்தன. மூன்றே ஆண்டுகளில் உற்பத்தி பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. பல தொழிற்சாலைகள் கதவடைத்தன. சில வேறு தொழிலுக்குத் திரும்பின.

அவ்வாறு சிறு விமானத் தொழிலைக் கைவிட்டவற்றுள் ஏரோங்கா என்பது ஒன்று. பெங்களூரில் வாழும் நம்மவர்க்கு இப்பெயர் புதிதாக இருக்கலாம். ஆனால் அதன் வழித்தோன்றலை அறிந்திருப்பார்கள். ஏரோங்காவின் சீஃப் என்னும் விமானத்தை ஒட்டி, பெங்களூரின் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை புஷ்பக் என்னும் விமானத்தை உருவாக்கியது. அது முதலில் பறந்தது 1958-ஆம் ஆண்டில். ஏறக்குறைய 160 புஷ்பக் விமானங்கள் செய்யப்பட்டு, நாடெங்கும் உள்ள விமானப் பயிற்சிக் கழகங்களுக்குச் சென்றன. ஓரிடத்தில் விலை போகாத பொருள் வேறோரிடத்தில் ஒரு தலைமுறைக்கே ஆசானாக நின்றது.

இனி நம் கேள்விக்கு வருவோம். 1946-இல் விற்காமல் தேங்கிய விமானங்களுள் பல இன்றும் பறக்கின்றன. அன்றைய விமானத்தை இன்று வாங்க வருபவர் எதைப் பார்க்கிறார்?

முதலில் அவர் விமானத்தைப் பார்ப்பதில்லை, புத்தகத்தைப் பார்க்கிறார். ஊரில் நிலமோ வீடோ வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? சுவரைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் மூலப் பத்திரம் கேட்கிறோம். வில்லங்கம் உண்டா என்று விசாரிக்கிறோம். விமானத்துக்கும் அத்தகைய பத்திரம் உண்டு. அதற்கு லாக் புத்தகம் என்று பெயர். விமானம் பறந்த ஒவ்வொரு மணி நேரமும், மாற்றிய ஒவ்வொரு முக்கிய உறுப்பும், செய்த ஒவ்வொரு பழுதுபார்ப்பும் அதில் தேதியிட்டு எழுதப்பட்டிருக்கும். செய்தவரின் கையெழுத்தும் உரிம எண்ணும் இருக்கும். அமெரிக்கச் சட்டப்படி தனியார் விமானம் ஒவ்வொன்றும் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறை, அதற்கென அதிகாரம் பெற்ற மெக்கானிக்கின் முழுப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். வாடகைக்கு ஓடும் விமானமானால் நூறு மணி நேரத்துக்கு ஒரு முறையும் பரிசோதனை உண்டு. ஏதேனும் ஒரு வகை விமானத்தில் ஆபத்தான குறை கண்டால் அரசு ஆணை பிறப்பிக்கும். அவ்வாணையை நிறைவேற்றாத விமானம் பறக்கத் தகுதியற்றது. ஆகவே புத்தகம் தொலைந்துபோன விமானம், பத்திரம் தொலைந்துபோன வீட்டைப் போன்றது. பொருள் கண்முன் இருக்கிறது. அதன் விலையில் பெரும்பகுதி மறைந்துவிட்டது.

இரண்டாவதாக அவர் எஞ்சினைப் பார்க்கிறார். விமான எஞ்சினுக்கு, எத்தனை மணி நேரம் ஓடிய பின் முழுவதும் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும் என்று செய்தவரே கணக்குச் சொல்லியிருக்கிறார். 1968 முதல் பல ஆண்டுகள் செஸ்னா 172 என்னும் விமானத்தில் பொருத்தப்பட்ட லைகாமிங் எஞ்சினுக்கு இக்கணக்கு 2,000 மணி. சொந்தப் பயன்பாட்டில் இது ஆலோசனையே அன்றிக் கட்டாயம் அன்று. எனினும் சந்தை அதை மறப்பதில்லை. ஒரே ஆண்டில் செய்த இரண்டு விமானங்களில், ஒன்றின் எஞ்சின் புதுப்பித்த பின் 200 மணியும் மற்றொன்றின் எஞ்சின் 1,900 மணியும் ஓடியிருந்தால், அவற்றின் விலை ஒன்றாக இராது. மிஞ்சியுள்ள மணிகள் வங்கிக் கணக்கில் மிஞ்சியுள்ள பணம்போல் எண்ணப்படுகின்றன.

இங்கே ஒரு வியப்பு உண்டு. குறைவாக ஓடிய எஞ்சினே எப்போதும் நல்ல எஞ்சின் என்று கொள்ள முடியாது. ஊரில் நாம் பூட்டிவிட்டு வந்த வீட்டை நினைத்துப் பார்ப்போம். குடியிருப்பவர் உள்ள வீட்டைவிடப் பூட்டிக் கிடக்கும் வீடு விரைவில் பாழாகிறது. கறையான் ஏறுகிறது; ஓடு சரிந்து மழை இறங்குகிறது. விமான எஞ்சினும் அப்படியே. அது ஓடாமல் நிற்கும்போது உள்ளுறுப்புகளின்மேல் படர்ந்த எண்ணெய் மெல்ல வடிந்துவிடுகிறது. காற்றின் ஈரம் எஃகைத் தொடுகிறது. லைகாமிங் எஞ்சின்களில் வால்வுகளை இயக்கும் காம் தண்டு மேற்பக்கத்தில் அமைந்திருப்பதால், எண்ணெய் முதலில் நீங்குவது அதிலிருந்துதான். துரு அங்கே சிறு குழிகளை உண்டாக்குகிறது. பின்னர் எஞ்சின் ஓடும்போது அக்குழிகளே அதை அரைத்துவிடும். அதனால்தான் மணிக் கணக்கோடு, பன்னிரண்டு ஆண்டு என்னும் காலக் கணக்கையும் செய்தவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். விவரம் அறிந்த வாங்குநர், இருபது ஆண்டில் நூறு மணி மட்டும் ஓடிய எஞ்சினைக் கண்டு மகிழ்வதில்லை. வாரந்தோறும் பறந்த எஞ்சினையே விரும்புகிறார். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, எவ்வளவு நிற்கிறது, எவ்வளவு கசிகிறது, கசிவது எவ்வழியில் என்று கேட்டறிகிறார். மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கு ஒப்பானது இது.

மூன்றாவது, உடல். அலுமினியத் தகட்டால் ஆன விமானத்துக்குக் கடற்காற்று பகை. ஃப்ளோரிடாக் கரையோரம் வெட்டவெளியில் நின்ற விமானத்தின் தகட்டு இணைப்புகளில் வெண்மாவுபோல் அரிப்புப் படியும். அரிசோனாவின் வறண்ட காற்றில் கொட்டகைக்குள் நின்றது நெடுங்காலம் பொலிவோடு இருக்கும். துணி போர்த்த விமானங்களுக்கு வேறு கவலை. பழங்காலப் பருத்தித் துணி வெயிலில் சில ஆண்டுகளிலேயே வலுவிழக்கும். பின்னர் வந்த பாலியெஸ்டர் துணி கொட்டகைக்குள் இருந்தால் இருபது ஆண்டையும் தாண்டி உழைக்கிறது. ஆனால் எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது கண்ணுக்குப் புலப்படாத துருவே. பைப்பர் கப் போன்ற விமானங்களின் இறக்கையை உடலோடு தாங்கி நிற்பவை உள்ளே வெற்றிடமான எஃகுத் தாங்குகோல்கள். அவற்றுக்குள் புகுந்த நீர் அடிப்பகுதியில் தேங்கி, உட்புறமிருந்தே அரிக்கிறது. வெளியே வண்ணம் பளபளக்கும். உள்ளே எஃகு கரைந்துகொண்டிருக்கும். 1993-ஆம் ஆண்டு அமெரிக்க அரசு இதற்கென ஓர் ஆணை பிறப்பித்தது. தாங்குகோல்களைக் குறித்த காலத்துக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும். அல்லது நீர் புகாதபடி அடைத்த புதிய வகைக் கோல்களை மாற்ற வேண்டும் என்பது அதன் சாரம். தாங்குகோல் முறிந்தால் இறக்கை நிற்காது; இறக்கை இல்லையேல் உயிர் இல்லை. பராமரிப்பில் மிச்சம் பிடிப்பது எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் தேவையில்லை.

விமானத்தின் விலையை நிர்ணயிப்பது உரிமையாளரின் கவனம் மட்டுமன்று. வரலாற்றின் கையும் அதில் உண்டு. 1972-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அக்னெஸ் என்னும் புயலின் மழையால் லாக் ஹேவன் நகரை வெள்ளம் சூழ்ந்தது. பைப்பர் தொழிற்சாலையில் நின்ற விமானங்களோடு, கமான்சி என்னும் விமானத்தைச் செய்யும் அச்சுகளும் கருவிகளும் பாழாயின. அதன் பின் ஒரு கமான்சியும் செய்யப்படவில்லை. அதற்குமுன் செய்த ஏறக்குறைய 4,800 விமானங்களே மிஞ்சின. உதிரி உறுப்புக்கு எங்கே போவது? உரிமையாளர்கள் சங்கம் கூடினார்கள், அனுபவத்தைப் பகிர்ந்தார்கள், உடைந்த விமானங்களிலிருந்து நல்ல உறுப்புகளைக் காத்தார்கள். செய்தவர் கைவிட்ட பொருளை வாங்கியவர்கள் கைவிடவில்லை. அதனால் அது இன்றும் சந்தையில் மதிப்போடு நிற்கிறது.

இதைவிடப் பெரிய வெள்ளம் ஒன்று பின்னர் வந்தது. அது நீரால் ஆனதன்று. 1978-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 17,000-க்கு மேற்பட்ட சிறு விமானங்கள் விற்பனையாயின. 1986-இல் அத்தொகை 1,500-க்கும் கீழே இறங்கிற்று. வட்டி விகிதம் ஏறியது ஒரு காரணம். வழக்குகள் மற்றொரு காரணம். விபத்து நேர்ந்தால், விமானம் எத்தனை ஆண்டுக்கு முன் செய்யப்பட்டதாயினும், செய்த நிறுவனத்தின்மேல் நஷ்ட ஈட்டு வழக்குத் தொடுக்க முடிந்தது. அதற்கான காப்பீட்டுச் செலவு புதிய விமானத்தின் விலையில் ஏறிற்று. 1986-இல் செஸ்னா நிறுவனம் தன் சிறு விமான உற்பத்தியை நிறுத்தியது. 1991-இல் பைப்பர் நிறுவனம் திவாலாகி நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியது. 1994 ஆகஸ்டு மாதம் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டம் ஒன்று இந்நிலையை மாற்றியது. சில விலக்குகள் தவிர, பதினெட்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறு விமானத்துக்காகச் செய்தவர்மேல் வழக்குத் தொடர முடியாது என்றது அச்சட்டம். செஸ்னா மீண்டும் சிறு விமானம் செய்யத் தொடங்கியது.

இந்தச் சட்டத்தில் ஓர் ஆழ்ந்த கருத்து அடங்கியிருப்பதை நாம் கவனிக்க வேண்டும். பதினெட்டு ஆண்டுக்குப் பின் அந்த விமானம் எவ்வாறு இருக்கிறது என்பதற்குப் பொறுப்பு, செய்தவரைவிட அதை வைத்திருப்பவருக்கும் பழுதுபார்ப்பவருக்குமே உரியது என்பதே அது. பழைய பொருளின் நிலை, பிறப்பைவிட வளர்ப்பால் அமைகிறது என்று சட்டமே ஒப்புக்கொண்டது எனலாம்.

இதற்கிடையே புதிய விமானங்களின் விலை மிக உயர்ந்துவிட்டது. 1955-இல் முதலில் பறந்து, இதுவரை 44,000-க்கு மேல் செய்யப்பட்டு, உலகிலேயே மிகுதியாகச் செய்த விமானம் என்னும் பெயர் பெற்ற செஸ்னா 172 இன்று புதிதாக வாங்கினால் நான்கு லட்சம் டாலரைத் தாண்டுகிறது. நடுத்தர வருமானம் உள்ளவருக்குப் பழைய விமானம் ஒன்றே வழி. அமெரிக்காவில் இன்று பறக்கும் ஒற்றை எஞ்சின் விமானங்களில் பெரும்பாலானவை முப்பது ஆண்டுக்கு மேற்பட்டவை. சட்டங்களும் விலையை அசைக்கின்றன. எளிய உரிமத்தோடு இலேசான விமானங்களை ஓட்டலாம் என்று 2004-இல் ஒரு விதி வந்தபோது எடை வரம்பு 1,320 பவுண்டு. 1,220 பவுண்டு எடைக்கு அனுமதி பெற்ற பழைய கப் அதற்குள் அடங்கியது. 1,600 பவுண்டு செஸ்னா 150 அடங்கவில்லை. அறுபது ஆண்டுக்கு முன் எழுதிய ஓர் எடைக் கணக்கு கப் விமானத்துக்குப் புதிய வாங்குநர்களைத் தேடித் தந்தது. 2025-இல் அவ்விதி விரிவாக்கப்பட்டது.

அப்படியானால் பழைய விமானம் வாங்கி விற்பது லாபமான காரியமா? கணக்கிட்டுப் பார்ப்போம். 1938-இல் 1,300 டாலருக்கு விற்ற கப், இன்று நல்ல நிலையில் இருந்தால் பல பத்தாயிரம் டாலர் பெறுகிறது. கேட்கும்போது பெரும் லாபமாகத் தோன்றும். ஆனால் பண மதிப்பின் வீழ்ச்சியைக் கணக்கிட்டால், அன்றைய 1,300 டாலர் இன்று ஏறக்குறைய 29,000 டாலருக்குச் சமம். இடையில் எத்தனை முறை துணி மாற்றினார்கள், எத்தனை முறை எஞ்சின் புதுப்பித்தார்கள், எத்தனை ஆண்டுக் கொட்டகை வாடகையும் காப்பீடும் செலுத்தினார்கள்! அவற்றையும் கூட்டினால் லாபம் என்ற சொல்லுக்கே இடமில்லை. புதிய வண்ணமும் புதிய ரேடியோக் கருவியும் போட்டு விற்பவருக்குச் செலவில் ஒரு பகுதிதான் திரும்புகிறது. ஆகவே, பிறர் ஏற்கெனவே செலவிட்டுச் செம்மை செய்த விமானத்தை வாங்குவதே விவேகம் என்று அனுபவசாலிகள் கூறுவர். விற்பவரோடு தொடர்பற்ற மெக்கானிக் ஒருவரைக் கொண்டு சோதித்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும் என்பதும் அவர்கள் அறிவுரை. யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாகாது என்பது நம் பழமொழி. விமானத்தில் வாங்கும் விலையே அங்குசம். வைத்துக் காப்பதே யானை.

வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்றும் நம் முன்னோர் சொன்னார்கள். எண்ணெய்க்குச் செலவிட்டால் மருந்துக்குச் செலவில்லை என்பது கருத்து. உடலுக்குச் சொன்ன இம்மொழி விமான எஞ்சினுக்குச் சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. காலத்தில் மாற்றும் எண்ணெய், பின்னர் வரும் பெருஞ்செலவைத் தடுக்கிறது. சில வேளை உயிரையும் காக்கிறது.

லாக் ஹேவன் நகரில் இப்போது பைப்பர் விமானங்கள் செய்யப்படுவதில்லை. ஆனால் வில்லியம் பைப்பரின் பெயர் தாங்கிய அந்த ஊர் விமானத் தளத்துக்கு, 1986 முதல் ஆண்டுதோறும் கோடையில் பழைய கப் விமானங்கள் பறந்து வந்து கூடுகின்றன. செய்த கைகள் பல மறைந்துவிட்டன. காத்த கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கின்றன.

ஜூஹூவில் வந்து இறங்கிய லெப்பர்ட் மாத் விமானத்துக்கு மீண்டும் வருவோம். அன்று கூடியிருந்தவர்களின் கண்கள் அதை ஓட்டி வந்த பெரியவரைத் தேடியதில் வியப்பில்லை. ஆனால் மரமும் துணியும் ஆன அந்த யந்திரம் ஐம்பது ஆண்டு கழித்துப் பறந்தது என்றால், அதன் பின்னே பெயர் அறியாத எத்தனையோ மெக்கானிக்குகள் இருந்திருக்க வேண்டும். ஒவ்வோர் ஆணியையும் தொட்டுப் பார்த்து, தேதியிட்டுக் கையெழுத்திட்டவர்கள் அவர்கள். பழைய விமானத்துக்கு நாம் கொடுக்கும் விலை அந்தக் கையெழுத்துகளின் விலையே.